மாமி கொண்டுபோன லைஃப் ஜாக்கெட்

"ஆறு தலகணி தந்தனான், ஆறும் திரும்பி வரவேணும். எண்ணித் தந்தது நான்."

"ஆர் அக்கா இல்லையெண்டது? உறை தோய்ச்சுப் போட்டிருக்கு. காஞ்சாப்போல கொண்டந்து தாறன்."

"உறை கிடக்கட்டும். தலகணியைத் தாரும். உறையில்லாமலும் எங்களுக்கு நித்திரை வரும்."

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த சிவானந்தன் இந்தச் சண்டை காதில் விழுந்ததும் பாதிப் படியிலேயே நின்றுவிட்டார். முதல் குரல் பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி. இரண்டாவது அவருடைய மனைவி நேசமலர். இரண்டு பெண்கள் தலையணைக்குச் சண்டை பிடிக்கும்போது நடுவில் ஓர் ஆம்பிளை போய் நிற்பது புத்தியில்லை. கதவு அடித்துச் சாத்துப்படும்வரை நின்று, பிறகுதான் ஏறினார்.

நாகேஸ்வரி மாமி, மாமியின் மகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு படையே விசா அலுவலாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்றது. அதற்குத்தான் ஜெகதீஸ்வரியிடம் தலையணை இரவல். அன்று காலைதான் எல்லாரும் திரும்பிப் போயிருந்தார்கள். அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி இல்லை. பஸ்ஸில் திருகோணமலை போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் காத்துக் கிடந்து, கப்பல் வந்தால் ஏற வேண்டும்.

வீடு வெளித்த சந்தோஷத்தில் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, சிவானந்தன் அலுவலைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் பரிசோதனை. லைஃப் ஜாக்கெட் ஆறையும் எடுத்துத் தூசி தட்ட வேண்டும்.

நேசமலர் குசினிக்குள் போனாள். அவர் அலுமாரியின் மேல்தட்டைப் பார்த்தார். வெறுமை.

"மாமி கேட்டவ," என்றாள் குசினிக்குள் இருந்து. "வரேக்க கப்பல் ஆடின ஆட்டத்தில மனுசி பயந்துபோய் இருக்கு. ஆளுக்கொண்டு எண்டு குடுத்துவிட்டனான். சும்மா மேல கிடந்து தூசி பிடிக்கிற சாமான்தானே."

சிவானந்தன் கதிரையில் ஏறி நின்று, மேல்தட்டை ஒருதரம் கையால் தடவிப் பார்த்தார்.

அவர் இரத்மலானையில் ஒரு பெயின்ற் கொம்பனியில் கணக்கு எழுதுகிறவர். பொல்கொட ஏரியில் இருந்த படகுக் கிளப்பில் சேர்ந்தது மனேஜர் றேமண்டால். கொட்டாஞ்சேனைக்காரரான றேமண்ட்தான் அங்கே கொமடோர், அதாவது தலைவர்; கிளப் காசில் ஜாக்கெட் வாங்கித் தந்ததும் அவர்தான். சண்டைக் காலத்தில் கடலில் படகு விட யார் விடுவார்கள், ஆகவே ஏரிதான். போன வருடக் கூட்டத்துக்கு நேரத்துக்கு வந்த ஒரே ஆள் சிவானந்தன் என்பதால் அவரைப் பாதுகாப்புச் செயலாளராக்கிவிட்டார்கள். பொறுப்பை அவர் விளையாட்டாக எடுக்கவில்லை. படகில் எழும்பி நிற்கக்கூடாது, காற்று மாறினால் கரைக்கு வரவேண்டும், ஜாக்கெட் போடாமல் ஒரு குழந்தையும் ஏறக்கூடாது என்று விசிலும் கையுமாகத் திரிந்தார். அவருக்கு நீந்தத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கிளப் கொட்டகையில் எலித் தொல்லை என்பதால் ஜாக்கெட்டுகள் செயலாளர் வீட்டில் இருப்பதுதான் வழமை.

தொலைந்துவிட்டது என்று சொல்லலாம்தான். சொன்னால் பொலிஸில் என்ட்ரி போடச் சொல்வார்கள். என்ட்ரி போட்டால் எங்கே போனது என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்து ஆட்களின் கையில், திருகோணமலைக் கடற்கரையில், கிளப்பின் பெயர் அடித்த ஆறு லைஃப் ஜாக்கெட். பொறுப்பாளர் பெயர் சிவானந்தன், பிறந்த இடம் சாவகச்சேரி. இயக்கத்துக்குக் கொடுத்தது என்று எழுதிவிட ஒரு நிமிடம் போதும். விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆறு ஜாக்கெட் இருந்தே ஆகவேண்டும்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு மருதானைப் பக்கம் மீன்பிடிச் சாமான் விற்கிற கடைக்குப் போனார். தன்னுடைய சிங்களத்தில் ஆறு லைஃப் ஜாக்கெட் கேட்டார். முதலாளி அவருடைய நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த செக் பொயின்றைப் பார்த்தார்.

"மொகடத மஹத்தயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எதற்கு என்ற கேள்விக்கு ஏரி, கிளப், பரிசோதனை என்று வாயில் வந்தவை எல்லாம் அந்தக் கடைக்குள் பொய் மாதிரியே கேட்டன. பயத்தில், ஜாக்கெட் வேண்டாம், நைலோன் கயிறு போதும் என்று ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். செக் பொயின்றில் அந்தக் கயிறு எதற்கென்று கேட்டார்கள். உடுப்புக் காயப்போட என்றார். அவ்வளவு உடுப்பு யாருக்கு என்று கேட்டார்கள். வீடு வந்து சேரப் பொழுதுபட்டுவிட்டது.

"இஞ்சருங்கோ," என்றாள் நேசமலர். குற்ற உணர்ச்சியில் அவளுக்கு மூளை வேலை செய்திருந்தது. "ஜாக்கெட் எண்டா என்ன, பஞ்சடைச்ச கையில்லாச் சட்டைதானே. நான் தைக்கிறன்."

செம்மஞ்சள் துணிக்கு அவளுடைய தங்கச்சி ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய சீலை போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் கத்தரிக்கோலை வைத்தாள். பஞ்சுக்கு இருவரும் ஒரே நேரத்தில் மூலையில் அடுக்கியிருந்த ஜெகதீஸ்வரியின் தலையணைகளைப் பார்த்தார்கள். அசல் இலவம் பஞ்சு. ஆறு தலையணை, ஆறு ஜாக்கெட். கணக்கு அவ்வளவு சரியாக வந்தது சிவானந்தனுக்குக் கடவுளே செய்த வேலை போல இருந்தது. கறுப்புச் சப்பாத்துப் பொலிஷால் கிளப்பின் பெயரையும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை ஜெகதீஸ்வரி கதவைத் தட்டியபோது, தலையணையை வெயிலில் போட்டிருப்பதாக நேசமலர் சொன்னாள். வெளியே அடைமழை. ஜெகதீஸ்வரி மழையை ஒருதரம், நேசமலரின் தலைமயிரில் ஒட்டியிருந்த பஞ்சை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் றேமண்ட் ஜாக்கெட்டுகளைக் கண்டதும் முகம் வெளுத்தார். சிவானந்தனைப் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"இதென்ன மச்சான், புதுசா இருக்கு?"

"மேலால உறை மட்டும் மாத்தினது."

"உள்ளுக்குத் திறந்து பாத்தியா?"

"சீச்சீ. உள்ளுக்கு ஏன் திறக்கிறன்?"

றேமண்ட் நெடிய மூச்சொன்று விட்டார். சிவானந்தனும் விட்டார்.

பரிசோதனைக்கு வந்தவர் கப்டன் பௌஸி. முப்பது வருடம் சரக்குக் கப்பலில் திரிந்துவிட்டு மருதானையில் ஓய்ந்திருந்த மனுசன். கயிற்றை இழுத்துப் பார்த்தார், விசிலை ஊதிப் பார்த்தார், படகைத் தட்டிப் பார்த்தார். றேமண்ட் அவருக்கு முன்னால் கட்லட் தட்டை நீட்டிக்கொண்டே திரிந்தார். ஜாக்கெட்டுகளுக்குக் கிட்டப் போகும்போதெல்லாம் தேசிக்காய்த் தண்ணியும் வந்தது. தன்னைக் காப்பாற்றத்தான் றேமண்ட் இவ்வளவு பாடுபடுகிறார் என்று சிவானந்தனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"சாப்பாடு மிச்சம் நல்லா ஈக்கி," என்றார் கப்டன். "இனி ஒராள் இதைப் போட்டுட்டுத் தண்ணீல பாய்ங்க."

காய வைக்கிறது கஷ்டம் என்றார் றேமண்ட். ஏரியில் முதலை என்றார். கப்டன் கேட்கவில்லை. கடைசியில் றேமண்ட் தன் மகள் ஐறீனைக் கூப்பிட்டார். அவள் பாடசாலை நீச்சல் அணியில் இருந்தவள்.

"நீந்தத் தெரிஞ்ச புள்ள பாஞ்சா அது ஜாக்கெட்டுக்கு டெஸ்டா?" என்றார் கப்டன். "நீந்தத் தெரியாத ஆள் யாரு ஈக்கி இங்க?"

கன்ரீனுக்குள் இருந்து சமையற்காரர் சுடலைமுத்து மெதுவாகக் கையை உயர்த்தினார். பதுளைப் பக்கத்து மனுசன். ஏரிக்கரையில் வேலை செய்தாலும் காலைக்கூட நனைத்ததில்லை.

"எனக்குத் தெரியாதுங்க. நான் வேணும்னா பாய்றேங்க."

கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, ஜாக்கெட் ஒன்றை எடுத்துத் தலைவழியே போடத் தொடங்கினார். நேசமலர் தைத்த தையலைச் சிவானந்தன் பார்த்தார். ஜெகதீஸ்வரியின் தலையணையை நம்பி ஒரு மனுசன் தண்ணீருக்குள் போகப் போகிறான். விசாரணையும் பொலிஸும் அந்த நேரம் அவருக்கு ஞாபகத்தில் இல்லை.

"அதைக் கழட்டும், சுடலைமுத்து," என்றார். "எனக்கும் நீந்தத் தெரியாது. நான் பாயிறன்."

கூடியிருந்தவர்கள் பாதுகாப்புச் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருசிலர் பக்கத்தில் நின்ற தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

றேமண்ட் வந்து தோளைப் பிடித்தார். "மச்சான், சொன்னாக் கேள். பாயாத. கிளப் போனாப் போகட்டும்."

எப்பேர்ப்பட்ட நண்பன் என்று நினைத்துக்கொண்டு சிவானந்தன் கண்ணை மூடினார். பாய்ந்தார்.

தண்ணீர் மூக்குக்குள் போனது, காதுக்குள் போனது. பிறகு ஏதோ ஒன்று அக்குளுக்குக் கீழே தாங்கி, ஒரு வாத்தைத் தூக்குவது போல அவரை மேலே கொண்டுவந்தது. இலவம் பஞ்சு தண்ணீரை உறிஞ்சாது என்று அவருக்கு அதுவரை தெரியாது. நெஞ்சு தண்ணீருக்கு வெளியே. சீலையின் கரை இரண்டு பக்கமும் விரிந்து மிதந்தது. கைகாலை அசைக்காமலே ஏரித் தண்ணீரில் அவர் பாட்டுக்கு இருந்தார். சப்பாத்துப் பொலிஷ் மட்டும் கரைந்து தாடை கறுத்தது.

"எழுத்துத்தான் சரியில்ல," என்றார் கப்டன் பௌஸி. "ஜாக்கெட் முதல் தரம்."

கரையில் எல்லாரும் கை தட்டினார்கள். றேமண்ட் மட்டும் தட்டவில்லை. ஏரிக்கரைச் சேற்றில் முழங்காலில் நின்று, சிலுவை போட்டு, மாதாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தார். தான் உயிர் தப்பியதற்கு இப்படி அழ ஒருவன் இருக்கிறானே என்று சிவானந்தனுக்கும் கண் கலங்கியது.

பின்னேரம் அவர் தலை துவட்டிக்கொண்டு இருக்கும்போது, திருகோணமலையில் ஒரு கொமியூனிக்கேசன் ரெலிபோன் கடையில் இருந்து நாகேஸ்வரி மாமி கோல் எடுத்தா. கப்பல் இன்னும் வரவில்லையாம்.

சிவானந்தன் முதலில் கேட்டது ஜாக்கெட்டை ஆமி கண்டதா என்றுதான். கண்டதாம். அமத்திப் பார்த்துவிட்டு, தலையணை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்களாம். இங்கிலீஷ் எழுத்து அடித்த உறையெல்லாவற்றையும் இப்போது கிழித்துக் கால்மிதி ஆக்கியாச்சாம். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே ரெலிபோனை வைத்திருந்தால் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பார். ஏன் மாமி கிழித்தனீங்கள் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"தோய்ப்பமெண்டு தொட்டித் தண்ணிக்குள்ள போட்டன் தம்பி, ஆறும் கல்லுமாதிரி அடியில போய் இருந்திட்டுது. பிரிச்சுப் பாத்தா உள்ளுக்கு முழுக்கக் கிழிஞ்ச சேட்டும் காற்சட்டையும், கொலருக்குக் கொலர் சிவப்பு நூலால பேர் தைச்சிருக்கு. ஆர் தம்பி இந்த றேமண்ட்?"

உங்கள் கிளப்பில் லைஃப் ஜாக்கெட்டைக் கடைசியாகத் தண்ணீரில் போட்டுப் பார்த்தது எப்போது? தயவுசெய்து ஒரு வரி பதில் எழுதுங்கள்.