காலி இடத்தில் ஒன்பது குழி

உலகத்துக்குப் பூஜ்யத்தைக் கொடுத்தது இந்தியா. அந்தப் பூஜ்யத்துக்குள் கோல்ஃப் ஆடலாம் என்று நிரூபித்தது கடலூர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் இந்தச் சாதனையைப் புரிந்தவர் ஓவர்சியர் நடனசபாபதி. சொந்த ஊர் சிதம்பரம். கோல்ஃபை அவர் கண்ணால் கண்டதில்லை. அதை ஒரு குறையாக யாரும் கருதவில்லை.

மூன்றே வாரத்தில் ஒன்பது குழி மைதானம் வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. மெட்ராஸிலிருந்து வந்த புத்தகமோ மரம் வை, குளம் வெட்டு, ஆடுகிறவன் திணற வேண்டும் என்றது. மூன்று வாரத்தில் மரம் எங்கே முளைக்கும்? மனிதர் நொந்துபோய் ஊருக்குப் போய்க் கோயிலில் நின்றார். திரை விலகியது. உள்ளே வெறும் வெளி. மொத்தக் கூட்டமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நடனசபாபதிக்குப் புல்லரித்துவிட்டது.

மஞ்சக்குப்பத்தில் மைதானக் கமிட்டி கூடியது. ஓவர்சியர் எழுந்தார்.

"மரமிருந்தா அதப் பாத்து அடிச்சிடுவான் சார். ஒண்ணுமே இல்லன்னா எதப் பாத்து அடிப்பான்? தூரமும் தெரியாது, தெசையும் தெரியாது. வெட்டவெளிதான் சார் பெரிய தடை!"

"பேஷ்!" என்றார் தலைவர் சக்கரபாணி. 'ஒன்றுமில்லை' ஏகமனதாக நிறைவேறியது.

ஒரு சின்ன இடைஞ்சல். தேர்ந்தெடுத்த கடலோர வெளியில் பூவம்மாளும் முப்பது பெண்களும் பாய் விரித்துக் கருவாடு காயப் போட்டிருந்தார்கள்.

"காலி பண்ணும்மா. இது காலி எடம்."

"காலி எடத்த எதுக்குய்யா காலி பண்ணணும்?"

இந்தத் 'தொழில்நுட்ப'க் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. ஓவர்சியர் வரைபடத்தை விரித்தார். "பாரு, இதுல ஏதாச்சும் இருக்கா?"

"நீங்க வரையல, அதான் இல்ல. மழ மாசத்துல கட்டுமரம் எறங்காதுய்யா. இந்தக் கருவாடுதான் எங்க புள்ளைங்களுக்குச் சோறு. வேற எங்க போயி காய வெக்கிறது?"

பாவமாகத்தான் இருந்தது அவருக்கு. ஆனால் ஒரே ஒரு நெத்திலி கிடந்தாலும் வெட்டவெளியின் 'தூய்மை' கெட்டுவிடுமே! மறுநாள் லாரி வந்தது. பாயும் மீனும் ஏறின.

திறப்பு விழாவுக்கு மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். முதல் பந்து கடலுக்குப் போனது. அடுத்தது எல்லை தாண்டிச் சவுக்குத் தோப்புக்கு. பதினேழாவது அடிக்கு அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"அடேயப்பா, என்ன கஷ்டமான மைதானம்! இவ்ளோ பெரிய எடம் எப்படிய்யா சும்மா கெடந்துது?"

நடனசபாபதி கூச்சத்தில் நெளிந்தார். எல்லைக் கயிற்றுக்கு வெளியே, காய வைக்க இடமில்லாமல் நாறத் தொடங்கிய மீன் கூடைகளோடு பெண்கள் நின்றிருந்தார்கள். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்:

"இவுங்கள்லாம் யாரு?"

ஓவர்சியர் வாயைத் திறப்பதற்குள் பூவம்மாள் சொன்னாள்:

"நாங்கதாங்க அந்தக் காலி எடம்."