ஆயுத பூஜைக்குக் கழுவிய கடல்

தூத்துக்குடிக்காரன் என்றால் கடலைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல் ஒருமுறை தெரியும் என்று சொல்லிவிட்டேன். அதற்கு இரண்டு மீன்கள் உயிரைக் கொடுத்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் லேத்தில் வேலை. வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் ஓடும். நான் "சொல்லுதேன்", "வாரேன்" என்று ஆரம்பித்தாலே சிரிப்பார்கள். அதனால் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தெற்கே போகும் பஸ்களின் போர்டுகளைப் படித்துவிட்டு அறைக்குத் திரும்புவேன். (ஏற மாட்டேன். படிப்பதோடு சரி.)

அப்போதுதான் முதலாளி வரவேற்பறையில் ஒரு கடல்மீன் தொட்டி வைத்தார். பெங்களூரிலிருந்து ஒரு ஆள் வந்து, தண்ணீரில் உப்புக் கலந்து, பவளக் கற்களை அடுக்கி, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்களை விட்டுவிட்டுப் போனான்.

"நீ தூத்துக்குடிதானேப்பா? இதைப் பாத்துக்கத் தெரியுமா?" என்று முதலாளி கேட்டார்.

"தெரியும் சார்."

எனக்குத் தெரிந்த கடல்மீன் எல்லாம் குழம்பில் கிடந்தவை. முழங்காலுக்கு மேல் நான் கடலில் இறங்கியதில்லை. ஆனால் அந்த எட்டு மாதத்தில், "எத்தனை பீஸ் முடிஞ்சுது?" என்பதைத் தவிர என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. தெரியாது என்று எப்படிச் சொல்வேன்?

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு தொட்டியோடுதான். "என்னலே, சாப்ட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பேன். இரண்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். என் தமிழுக்கு அவை சிரித்ததே இல்லை.

மூன்றாவது வாரம் பழுப்புப் பாசி வந்தது. கண்ணாடியிலும் கற்களிலும் டீத்தூளைக் கொட்டியதுபோல் படிந்தது. சுரண்டினேன். மறுநாள் வந்தது. மறுபடி சுரண்டினேன். மறுபடி வந்தது.

"ஆயுத பூஜைக்கு வீட்ல வர்றாங்க. அதுக்குள்ள இது பளிச்சுன்னு ஆகலன்னா தொட்டியையே எடுத்துடுவேன்" என்றார் முதலாளி.

தொட்டி போய்விட்டால் நான் யாரோடு சாப்பிடுவது?

பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியில் உற்பத்தி கிடையாது, துடைப்பதுதான் வேலை. அவரவர் மிஷினை அவரவர் டீசல் போட்டுக் கழுவ வேண்டும். என் லேத்தைக் கழுவி முடித்த வேகத்தில் தொட்டியையும் ஒரு மிஷின் என்று முடிவு செய்துவிட்டேன். மீன்களைப் பழைய தண்ணீரோடு வாளிக்கு மாற்றினேன். கற்களை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து, ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, அலசினேன். போர் தண்ணீரில் உப்பைக் கரைத்துத் தொட்டியை நிரப்பினேன். கற்கள் விபூதி நிறத்துக்கு வந்திருந்தன.

பூஜையன்று காலையில் மீன்களைத் திரும்ப விட்டு, கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டேன். (மாலை விஷயத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டேன் என்று பிறகு தெரிந்தது.)

பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து முடித்து, முதலாளியம்மா தொட்டியருகே வந்தபோது இரண்டு மீன்களும் பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்தன.

"ஏன் இப்படிப் படுத்திருக்கு?"

"இன்னைக்கு லீவுல்லா மேடம். ரெஸ்ட் எடுக்கு."

கம்பெனியே சிரித்தது. நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. இருபத்துமூன்று வயது ஆம்பிளை, கையில் பொரிப் பொட்டலத்தோடு, மூக்கு ஒழுகத் தேம்பினேன்.

அடுத்த லேத்தில் வேலை பார்க்கும் மாதப்பா வந்து தோளில் கைவைத்தார். "ஊட்டா ஆய்த்தா?"

சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்பது எனக்கே புரிந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். மொபெட்டில் ஏற்றிக்கொண்டு சானமாவுப் பக்கம் இருந்த தன் வீட்டுக்குப் போய், இலை போட்டு ஒப்பட்டு வைத்தார், நம்ம ஊர்ப் போளிதான்.

"எட்டு மாசமா பக்கத்துல நிக்கிறேன், ஒரு வார்த்தை பேசல. திமிர் புடிச்சவன்னு நெனச்சேன்பா."

"நான் பேசுனா சிரிக்கிறீங்களே."

"சிரிச்சா என்னா? என் தமிழுக்கு என் பொண்டாட்டியே சிரிக்கிறா." உள்ளேயிருந்து அந்த அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் இன்னும் இரண்டு ஒப்பட்டு சாப்பிட்டேன்.

தொட்டியை எடுத்துப்போக வந்த பெங்களூர் ஆள் கற்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "புதுத் தொட்டின்னா இந்தப் பாசி வரத்தான் சார் செய்யும். கொஞ்ச நாள் விட்டிருந்தா தானாப் போயிருக்கும்." எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. இந்த முறை மாதப்பா பக்கத்தில் இருந்தார்.

இன்றைக்கும் ஆயுத பூஜை வந்தால் என் மனைவி துளசிச் செடியை எடுத்து மொட்டை மாடியில் ஒளித்து வைப்பாள். "இவர் கழுவுனா கடலே செத்துப் போவும்" என்று வந்தவர்களிடம் கதையை ஆரம்பிப்பாள். மாதப்பா குடும்பம் ஒப்பட்டோடு வந்து, நூறாவது தடவையாகக் கேட்டு, முதல் தடவை போலச் சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரைத் துடைப்பேன். நம்பர் பிளேட்டுக்கு அடியில் இருக்கும் பழுப்புக் கறையை மட்டும் தொட மாட்டேன்.