யூ-டர்ன் அண்ணனின் ஏர்போர்ட் சவாரி

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். தெரிந்தால், "பாலிடெக்னிக்கையே முடிக்காதவன் பத்திரிகையில எழுதுறானாம்" என்று யூ-டர்ன் அண்ணன் எங்கள் கோச்சடை முழுக்க ஹாரன் அடித்துச் சொல்லுவார். சொல்லட்டும். ஊரை விட்டு ஒரு இன்ஜினியர்கூடப் போகக்கூடாது என்று இப்படிப் பாடுபட்டவர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். அந்த இன்ஜினியர்களை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதுதான் அவருக்குத் தொழில்.

சொந்த டாக்சி. எங்கள் பக்கத்துப் பையன் எவன் வெளிநாடு போனாலும் அவர் வண்டிதான். அப்பாமார்கள் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது, அம்மாமார்கள் அடுப்படியிலிருந்து ரகசியமாக அவருக்குப் போன் போடுவார்கள்.

"அண்ணே, நீங்களே வாங்க. வழியில அவன்கிட்ட நாலு வார்த்தை பேசிப் பாருங்க."

நாலு வார்த்தையா? ஏர்போர்ட் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. அண்ணன் வண்டி வைகையைத் தாண்டி வடக்கே, பரவை மார்க்கெட்டுக்குப் போகும்.

என் கூட்டாளி ஜெபராஜ் ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்றைக்குப் பெட்டி தூக்க நானும் போனேன். அவன் அரசு காலேஜில் மெக்கானிக்கல் முடித்தவன். காய்கறி லாரிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தினார் அண்ணன்.

"தம்பி, அந்தா வெங்காய மூட்டை தூக்குறாரே, அவரு வாங்குற தீப்பெட்டியிலயும் வரி இருக்கு. அந்த வரியிலதான் நீ படிச்ச. மூட்டை தூக்க அவருக்கு ஒரு மெஷின் செஞ்சு குடுத்துட்டுப் போ."

"அண்ணே, பிளைட்டுக்கு நேரமாச்சுண்ணே!"

"அப்ப சின்ன மெஷினாச் செய்யி."

ஜெபராஜுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இங்க எனக்குக் கெடச்ச வேலை என்னன்னு தெரியுமாண்ணே? போன் போட்டு கிரெடிட் கார்டு விக்கிறது. அதுக்கா மெக்கானிக்கல் படிச்சேன்?"

அண்ணன் ஸ்டியரிங்கைத் தடவினார். "எனக்குப் போட்டிருக்கலாம்ல? பத்து கார்டு வாங்கியிருப்பேனே!" பிறகு என்னைக் காட்டினார். "இவனைப் பாரு, தேசபக்தன். எந்த நாடும் கூப்பிடல, இங்கயே கெடக்கான்."

போகிற வழியில் ஒவ்வொரு ரவுண்டானாவிலும் வண்டியை மெதுவாக்கி, "திருப்பவா?" என்று கேட்பார். பட்டப்பெயர் வந்த கதை அதுதான். "திருப்புங்க" என்று இன்றுவரை ஒருத்தனும் சொன்னதில்லை. ஜெபராஜும் சொல்லவில்லை. ஓட்டமாய் ஓடித்தான் பிளைட்டைப் பிடித்தான்.

போன மாதம் அண்ணனின் ஒரே மகள் கயலுக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. அவளும் அரசு காலேஜ்தான். கிளம்புகிற அன்று, வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த புருஷனுக்கு மதினி அடுப்படியிலிருந்து போன் போட்டார்.

"டிரைவர் சாரா? ஏர்போர்ட்டுக்கு ஒரு சவாரி. ஊருப் பிள்ளைககிட்டயெல்லாம் பேசுனீகல்ல, இன்னைக்கு எம்மககிட்டப் பேசுங்க."

மதினியும் கயலும் பின்சீட்டில், பெட்டி தூக்க வந்த நான் முன்சீட்டில். வைகைப் பாலம் வந்தது. வண்டி வடக்கே திரும்பவே இல்லை.

"அப்பா, மார்க்கெட்டுக்குப் போகலையா?" கயலே கேட்டுவிட்டாள்.

"அங்க என்னம்மா இருக்கு? வெறும் வெங்காயம்."

"பேசுங்களேன்!" என்றார் மதினி.

"ஏசி போட்டா எனக்குப் பேச்சு வராது."

"ஏசி ரிப்பேராகி வருசமாச்சு!"

ரவுண்டானா வந்தது. வண்டி மெதுவானது. மூன்று பேரும் அவர் பக்கம் சாய்ந்தோம். அண்ணன் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"பாஸ்போர்ட்டு எடுத்துட்டியாம்மா?"

அவர் சவாரியிலேயே நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான். கயல் உள்ளே போன பிறகு, காலி டிக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, அங்க இறங்குனா யாருடா கூட்டிட்டுப் போவா?"

"டாக்சி இருக்கும்ணே."

"எவன் வண்டியோ. என்னத்தைப் பேசிக்கிட்டு வருவானோ!"

கிண்டல் பண்ண இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதை விட்டுவிட்டேன். ஓரமாய்ப் போய் நின்று, நடந்ததையெல்லாம் ஜெபராஜுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

"எந்த ஊருல இறங்குதுன்னு கேளு மாப்ள, எம்புட்டு தூரமா இருந்தாலும் நானே போயி பிள்ளையைக் கூட்டிக்கிறேன்னு அண்ணன்கிட்ட சொல்லு."