நான் கீறிய டவுன்ஷிப்

போகாத ஊரைப் பற்றி ஒருவன் அளவுக்கு மிஞ்சித் தெரிந்து வைத்திருந்தால், அவனை எந்த அரசாங்கமும் நம்பாது. யுத்த காலத்தில், கொழும்புக் காலி வீதியில், சொந்தச் செலவில் நான் கண்டுபிடித்த உண்மை இது.

அப்போது வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். வேலை இல்லை. அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் பொலிஸ்காரரின் முகம் மாறும். அந்த நாட்களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தின் ஒரு மூலையில், சோளத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த சின்னக் கல்லூரி ஒன்று எனக்கு இடம் கொடுத்தது. அங்கே என்ன படிப்பிக்கிறார்கள் என்று அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. தம்பி பிடிபடாமல் நித்திரை கொள்ளுவான், அது போதும் அவளுக்கு. மிச்சம் இருந்தது விசா நேர்முகம் மட்டும்தான்.

மேல்மாடியில் வாடகைக்கு இருந்த சிவராசா அண்ணைக்கு இரண்டு தரம் விசா மறுக்கப்பட்டிருந்தது. அதனாலேயே எங்கள் ஒழுங்கைக்கு அவர் விசா நிபுணர்.

"போற இடத்தைப் பற்றித்தான் கேப்பாங்கள் தம்பி. நான் முழிச்சனான், வெட்டிப்போட்டாங்கள். நீ எல்லாத்தையும் பாடமாக்கு" என்றார்.

பாடமாக்கினேன். கல்லூரி அனுப்பிய கைநூலில் அந்த டவுன்ஷிப்பைப் பற்றி ஒரு அத்தியாயமே இருந்தது. (டவுன்ஷிப் என்றதும் பெரிய பட்டணம் என்று நினைக்காதீர்கள். நம்முடைய பிரதேச சபை மாதிரி ஒன்று, அதைவிடச் சின்னது. வாக்காளர்களைவிட மாடுகள் அதிகம்.) ஒரு ஆறு, அதன்மேல் இரும்புப் பாலம், தானியக் களஞ்சியம், தண்ணீர்த் தாங்கி. ஊரை நடத்துவது மக்கள் தெரிவு செய்த மூன்று பேர். ரோட்டைத் திருத்துவது, பனியை வழிப்பது, சுடலையில் புல் வெட்டுவிப்பது, இவைதான் அவர்களுடைய ஆட்சி.

படித்தது மண்டையில் நிற்கவில்லை. ஆகவே ஒரு பெரிய தாளில் படமாகக் கீறினேன். சிவப்புப் பேனையால். விளக்கங்களைத் தமிழில் எழுதினேன். பஸ்ஸில் கடைசியாக ஒருதரம் பார்க்கலாம் என்று அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் புறப்பட்டேன். அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழ்ப் பொடியன் செய்யக்கூடிய விசர் வேலைகளில் இதைவிடப் பெரியதை நான் கேள்விப்பட்டதில்லை.

பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அட்டையைப் பார்த்தார்கள், பையைத் தடவினார்கள். தாள் விரிந்தது. பிறகு ஜீப், பிறகு பொலிஸ் நிலையம்.

இன்ஸ்பெக்டர் படத்தை மேசையில் பரப்பி, "மே கொஹேத?" என்றார். இது எந்த இடம் என்று.

"அமெரிக்காவே, சேர்" என்றேன். என் சிங்களம் அதோடு முடிந்தது.

அவர் சிரிக்கவில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்த முஸ்லிம் கான்ஸ்டபிள் ஒருவரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் நான் எழுதியதை ஒவ்வொன்றாக வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். பாலம், ஒன்றே ஒன்றுதான். தண்ணீர்த் தாங்கி, தூரத்திலிருந்தே தெரியும். தீயணைப்பு நிலையம், தொண்டர்கள் மட்டும், பகலில் ஆள் இருக்காது. மண்டபம், மாதம் ஒருதரம் மூன்று பேரும் இங்கே கூடுவார்கள். வாசிக்க வாசிக்க அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போனது.

"என்ன தம்பி, இப்பிடி எழுதி வெச்சீக்கிறீங்க?" என்று செத்த வீட்டில் கேட்பதுபோல் கேட்டார்.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. வேறு யாராவது இதை எழுதியிருந்தால் நானே அவனைப் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

அந்த மூன்று பேர் யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தெரிவு செய்யப்பட்ட, சோளம் போடும் கமக்காரர்கள் என்றேன். என்ன கதைப்பார்கள்? ரோட்டுப் பள்ளங்களைப் பற்றி. வேறு யார் அங்கே போகலாம்? யாரும் போகலாம், எழும்பி நின்று பேரைச் சொல்லி, என் வீட்டு ரோட்டை ஏன் திருத்தவில்லை என்று கேட்கலாம். அடையாள அட்டை? கேட்கமாட்டார்கள். பொலிஸ்?

"டவுன்ஷிப்பில பொலிஸ் இல்லை, சேர். தேவையெண்டால் வெளியிலயிருந்து கூப்பிடுவினம்."

கான்ஸ்டபிள் அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் யோசித்தார். எல்லாம் நான் விசாவுக்காகப் பாடமாக்கியவைதான். அந்த மேசைக்கு முன்னால் நின்று சொல்லும்போதுதான், அந்த ஊரில் போய் இருக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று தெரிந்தது. சொன்னதையே இரண்டாம் தரமும் சொன்னேன். (குற்றவாளி திணறுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.)

விலாசத்தைச் சரிபார்க்க வீட்டுக்கு ஃபோன் எடுத்திருந்தார்கள். பின்னேரம் அக்கா வந்தாள், கல்லூரியின் கடிதத்தையும் கைநூலையும் நெஞ்சோடு அணைத்தபடி. "இதைப் பாத்துக் கீறினவன் சேர், இதைப் பாத்துத்தான் கீறினவன்" என்பதைத் தெரிந்த மூன்று மொழிகளிலும் மாறி மாறிச் சொன்னாள். அவள் அப்படிக் கெஞ்சி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன்.

இன்ஸ்பெக்டர் கைநூலில் இருந்த வரைபடத்தையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து என் ஆற்றைச் சுற்றி வட்டம் போட்டார். ஊருக்கு மேற்கே ஓடும் ஆற்றை நான் கிழக்கே ஓடவிட்டிருந்தேன்.

"ஜியோகிரபி ஃபெயில்" என்று சொல்லி என்னைப் போகவிட்டார்.

நேர்முகத்துக்கான நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. அடுத்த திகதி கிடைப்பதற்குள் கல்லூரி தொடங்கி, என் இடமும் போய்விட்டது. அந்த டவுன்ஷிப்பை நான் இன்றுவரை காணவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் சிவராசா அண்ணை படியிறங்கி வந்து, "இடத்தைப் பற்றிக் கேட்டாங்களோ?" என்றார்.

"ஓம் அண்ணை, எல்லாம் கேட்டாங்கள்."

"நான் சொன்னனான்தானே" என்றார்.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் எனக்குப் படம் கீறத் தடை. யாராவது வழி கேட்டு நான் பேனையைத் தேடினால், "மாமா, வாயால சொல்லுங்கோ" என்று அக்காவின் பிள்ளைகள் ஒன்றாகக் கத்துவார்கள். யுத்தம் முடிந்து சில வருடங்களில் அக்காவின் மகளுக்கு வத்தளையில் கல்யாணம். அழைப்பிதழின் பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழி போட வேண்டும் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் வேறு ஒருவரையும் கீற விடவில்லை. விலாசம் மட்டும் அச்சானது.

அந்த வீதியில் அடுத்தடுத்து இரண்டு மண்டபங்கள். தாலி கட்டும்போது மாப்பிள்ளை பக்கத்துச் சொந்தங்களில் பாதிப்பேர் மற்ற மண்டபத்தில் யாரோ ஒரு தம்பதிக்கு அறுகரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு வியர்க்க விறுவிறுக்க ஒவ்வொருவராக இங்கே வந்தார்கள். சம்பந்தியம்மா எல்லோருக்கும் கேட்கக் குறைப்பட்டார். அக்கா வாசலை விட்டு அசையவில்லை. கடைசி ஆள் உள்ளே வரும்வரை அங்கேயே நின்றாள்.

"பிந்தினால் என்ன," என்றாள், "எல்லாரும் வந்து சேர்ந்திட்டினம்தானே."