அரை விநாடியா, ஒன்றரை விநாடியா?

படித்து முடித்த சூட்டோடு இருப்பவர்களை வீடு கட்டும் இடத்துக்குள் விடக் கூடாது. நானே சாட்சி.

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, செஞ்சியில் ஒரு பள்ளிக்கு விண்ணப்பித்திருந்தேன். மறுநாள் டெமோ கிளாஸ். பாடம் எறிபொருள் இயக்கம். சொதப்பினால் வேலை கிடைக்காது, வீட்டில் மாப்பிள்ளை பேச்சு ஆரம்பமாகிவிடும். (நைனா ஜாதகத்தைத் தூசு தட்டி வைத்திருந்தார்.)

அப்போது எங்கள் வீட்டுக்கு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. செல்வி அக்கா கீழிருந்து செங்கல் எறிவார். மேலே அவர் கணவர் முருகன் பிடிப்பார். இதை வீடியோ எடுத்து வகுப்பில் காட்டினால் என்ன என்று தோன்றியது. உடனே தாளை எடுத்தேன்.

உயரம் மூன்றே முக்கால் மீட்டர், வேகம் விநாடிக்குப் பத்து மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். இருபடிச் சமன்பாடு இரண்டு விடை தந்தது: அரை விநாடி, ஒன்றரை விநாடி. போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை கல் முருகன் அண்ணன் கையைக் கடக்கும். இரண்டும் படத்தில் வர வேண்டுமே!

"அக்கா, இன்னும் வேகமா எறிங்க. அண்ணா, போறப்ப வுட்டுடுங்க, வர்றப்ப புடிங்க."

"இன்னாம்மா இது? கைக்கு வர்ற கல்ல வுட்டுட்டு தலைக்கு வர்ற கல்ல புடிக்கணுமா?" என்றார் முருகன் அண்ணன்.

"கணக்கு அப்டித்தான் சொல்லுது!"

கல் போனது, திரும்பியது. முருகன் அண்ணன் பிள்ளைகுட்டிக்காரர், கையை இழுத்துக்கொண்டார். செல்வி அக்கா ஒரே தாவலில் விலகினார். பக்கத்தில் நின்ற நைனாவின் புது வண்டிக்கு விலகத் தெரியவில்லை. ஹெட்லைட் அப்பளமாக நொறுங்கியது. ("விடை சரிதான் நைனா" என்று வேறு சொன்னேன்.)

செல்வி அக்கா மூச்சு வாங்கினார். "வேகமா எறிஞ்சா ரெண்டு தபா வரத்தான் செய்யும். நாங்க அவரு கைகிட்ட போயி நிக்கிற அளவுக்குத்தான் எறிவோம். அப்ப எடுத்தா பூ எடுக்கிற மாதிரி இருக்கும். உங்க கணக்குல அது இல்லியா?"

இருந்தது. இரண்டு விடையும் ஒன்றாகிவிடும் இடம் அது. தேர்வில் எத்தனையோ முறை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது ஒரு செங்கல் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் மனப்பாடம் செய்த உரையை விட்டுவிட்டு, ஹெட்லைட் உட்பட நடந்ததை அப்படியே சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒரு பெண் எழுந்து, "அப்ப எவ்ளோ வேகத்துல எறிஞ்சிருக்கணும் மிஸ்?" என்றாள். கேள்வி வந்துவிட்டது, வேலையும் வந்துவிட்டது. செல்வி அக்கா அன்று தாவியதற்கும், திட்டாமல் விளக்கியதற்கும் நான் நன்றி சொல்லாத வருடமில்லை.

இன்றும் மாடியிலிருந்து சாவியை எறியட்டுமா என்று நான் கேட்டால், நைனா முதலில் வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவிடுவார். பிறகுதான் அண்ணாந்து பார்த்துக் கேட்பார்:

"அரையா, ஒன்றரையா?"