ஆறு மணி பாட்டில்

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்ததும் மூக்கர் ஒரு பாட்டிலின் கார்க்கை உருவி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. சரி, பாட்டிலில்தான் கோளாறு என்று இன்னொன்றைத் திறந்தார். அதிலும் இல்லை. தரை துடைக்கிற பினாயிலை முகர்ந்தார், இல்லை. கடைசியில் கதவைச் சாத்திவிட்டு, இடது கால் ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருவி, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தார். அதுவும் கைவிட்டுவிட்டது.

போன வாரம் வந்த காய்ச்சல், போகும்போது வெறுங்கையோடு போகவில்லை.

மூக்கு போனால் என்ன, மூச்சு வருகிறதல்லவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு தச்சருக்கு அது சரி. ஒரு தபால்காரருக்கும் சரி. இவர் ஒயின் கடைக்காரர். அந்தப் பெரிய நகரத்தில் தெருவுக்குத் தெரு ஒயின் கடை உண்டு. ஆனால் தையல் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில், இரண்டு ஆள் அகலத்தில் ஒடுங்கிக் கிடந்த இவர் கடையில்தான் 'ஆறு மணி பாட்டில்' உண்டு. மாலை சரியாக ஆறுக்கு அன்றைய பாட்டிலைக் கவுன்ட்டரில் வைத்துத் திறப்பார். முகர்வார். அதுவரை ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பிறகு தீர்ப்புச் சொல்வார். "மழை விட்ட தோட்டம்" என்பார். "பழைய அலமாரிக்குள்ள ஒரு பட்டுத்துணி" என்பார். ஆளுக்கு இரண்டு மடக்கு ஊற்றிக் கொடுப்பார். அவர்கள் குடித்துவிட்டுத் தலையாட்டி, ஆளுக்கொரு பாட்டில் வாங்கிக்கொண்டு போவார்கள்.

போன வாரக் காய்ச்சலைத் தவிர, பத்தொன்பது வருஷமாக இது தவறியதில்லை. மொத்த வியாபாரியின் கிடங்குக்கும் அவரே போவார். மற்ற கடைக்காரர்கள் ஓரமாகத் தள்ளிவைத்த பெட்டிகளைத் தேடிப் பிடித்து, முகர்ந்து, "இவங்களுக்கெல்லாம் என்ன தெரியும்" என்று அள்ளிக்கொண்டு வருவார். பேட்டையே அவரை மூக்கர் என்றது. பட்டத்தை யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று அவர் விசாரித்ததில்லை. பட்டத்தை விசாரிப்பது மரியாதையாகாது.

சரக்கு ஏற்றிவரும் மச்சினனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

"டாக்டர் என்ன சொல்றாரு, மாமா?"

"நரம்பு சமாச்சாரமாம். மூணு மாசத்துல வரலாமாம். வராமலும் போகலாமாம். இதைச் சொல்ல ஒரு டாக்டரு."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா கடையைப் பூட்டிட்டுப் படுன்னுவா. வெள்ளிக்கிழமை யார் வர்றாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

மச்சினனுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். ஞாயிறு பத்திரிகை ஒன்று, நகரத்தில் மக்கள் மனசுக்குப் பிடித்த பேட்டை ஒயின் கடைகள் என்று பன்னிரண்டு கடைகளைப் பட்டியல் போடப் போகிறது. வாசகர்கள் எழுதிய கடிதங்களில் மூக்கர் கடை முன்னால் நின்றது. ஆறு மணி பாட்டிலை நேரில் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாகப் பத்திரிகைக்காரம்மா போன் செய்திருந்தார். தெருமுனையில் கண்ணாடியும் குளிர்சாதனமுமாகப் பெரிய ஒயின் கடை ஒன்று வந்து மூன்று மாதமாகிறது. பட்டியலில் பெயர் வந்தால் மூக்கர் தாக்குப்பிடிக்கலாம். வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். இதை அவரே மனைவியிடம் சொல்லிவிட்டு, அன்றிரவு முழுக்கப் புரண்டு படுத்தார்.

"யோசிக்காதீங்க, மாமா. நீங்க முன்னாடி சொன்னதையெல்லாம் அட்டையில எழுதி வெச்சிருக்கீங்கல்ல? பார்த்துப் படிச்சிட வேண்டியதுதானே?"

யோசனை பிரமாதமாக இருந்தது. ஆறு மணிக்குப் பாட்டிலைத் திறந்து, முகர்வது போல முகர்ந்து, உள்ளங்கையில் ஒளித்த அட்டையைப் பார்த்து மூக்கர் கனத்த குரலில் சொன்னார்:

"கறுத்த நாவல் பழம். அடியில விறகுப் புகை."

சொல்லிவிட்டு ஊற்றினார். பாட்டிலில் இருந்தது வெள்ளை ஒயின். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் போலப் பளபளத்தது.

பல் டாக்டரம்மா டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு மடக்கு குடித்தார்.

"ஆமாண்ணே. புகை லேசா வருது," என்றார்.

"நாவல் பழமும் இருக்கு," என்றார் தையல்காரர், குனிந்த தலை நிமிராமல்.

மூக்கருக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே பயமும் வந்தது. இவ்வளவு நம்புகிற ஜனங்களை வைத்துக்கொண்டு இனி அட்டை விளையாட்டு ஆகாது என்று முடிவு செய்தார்.

புதன்கிழமைக்கு மச்சினன் வேறு வழி சொன்னான். அவன் சரக்கறைத் திரைக்குப் பின்னால் நின்று, பாட்டிலை முன்கூட்டியே முகர்ந்து ருசி பார்த்துவிடுவான். நல்லதென்றால் ஒரு இருமல், கெட்டுப்போனதென்றால் இரண்டு இருமல். மூக்கர் அதற்கேற்ப ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

ஆறு மணி ஆனது. திரைக்குப் பின்னால் ஒரே ஒரு இருமல் கேட்டது. மூக்கர் நிம்மதியாகப் பாட்டிலை உயர்த்தினார்.

"இது வளர்ற பிள்ளை. இப்ப கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டும். ஆனா மனசு தங்கம்."

எல்லாரும் குடித்தார்கள். தையல்காரரின் வலது கண்ணிலிருந்து நீர் கொட்டியது. மூக்கர் அதை உணர்ச்சிவசம் என்று எடுத்துக்கொண்டார். டாக்டரம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு, "எனக்கு ரெண்டு பாட்டில் கொடுங்கண்ணே," என்றார். தையல்காரர் மூன்று வாங்கினார். அரை மணி நேரத்தில் பெட்டி காலி.

மறுநாள் காலை மூக்கர் வீட்டுச் சமையலறைக்குள் போனபோது, அவர் மனைவி மீந்த ஒயினைத் துணியில் நனைத்துக் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாய் புதுசாக மின்னியது.

"என்ன பண்ற?"

"நேத்து பாட்டில்ல மிச்சம் இருந்துச்சு. உப்புக்கறை என்னமா போகுது பாருங்க. அசல் வினிகர்."

மூக்கர் நாக்கில் ஒரு சொட்டு வைத்தார். மணம்தான் தெரியாதே தவிர, நாக்கு பிழைத்திருந்தது. முகம் கோணிக்கொண்டது. காய்ச்சலில் அவர் படுத்திருந்தபோது அந்தப் பெட்டி மச்சினனின் வண்டியில் ஒரு வாரம் வெயில் காய்ந்திருக்கிறது.

"ஐயோ, இதையா குடிக்கக் கொடுத்தேன்! ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேக்கலையேடி!"

"கேக்க மாட்டாங்கதான்," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த குழாய்க்குப் போனாள்.

மச்சினனைக் கூப்பிட்டுக் கத்தினார். அவன் தலையைச் சொறிந்தான்.

"எனக்கு வித்தியாசமா ஒண்ணும் தெரியலை, மாமா. நம்ம கடையில எப்பவும் இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மூக்கர் அவனைத் திட்டிவிட்டு, பாட்டில்களைத் திரும்ப வாங்கக் கிளம்பினார்.

டாக்டரம்மா ஒரு நோயாளியின் வாயைத் திறந்துவைத்துக் குடைந்துகொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, நேத்து வாங்கின பாட்டிலைக் கொடுத்துடுங்க."

"ஏண்ணே? நல்லாத்தானே இருந்துச்சு."

"நல்லாவா இருந்துச்சு?"

"நீங்கதானே சொன்னீங்க, மனசு தங்கம்னு. எங்க வீட்டுக்காரர் ஒரு மடக்கு குடிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. அரை மணி நேரம் பேச்சே இல்லை. எனக்கும் நிம்மதி."

திறந்த வாயோடு நோயாளியும் ஏதோ சொல்ல வந்தார். அவரும் ஆறு மணிக்கு வருகிறவர்தான்.

தையல் கடையில் மூன்று பாட்டிலும் காலியாக நின்றன.

"ஒரே நாள்லயா?"

"நல்ல பொருள் தங்குமாண்ணே?" என்றார் தையல்காரர். ஜன்னலோரத்துத் தொட்டிச் செடி இலையெல்லாம் சுருண்டு தலை தொங்கிக் கிடந்தது. அதைப் பார்க்கிற நிலையில் மூக்கர் இல்லை.

கடைக்குத் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்தவருக்கு அழுகை வந்தது. ஏமாற்றினால்கூடப் பரவாயில்லை, இவர்கள் ஏமாறுவதற்கு இவ்வளவு தயாராக இருந்தால் மனுஷன் எப்படித் தாங்குவான்? பத்தொன்பது வருஷத்து நம்பிக்கையை வினிகரில் கரைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மச்சினன் ஒரு பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான்.

"தெருமுனைக் கடையில இருக்கிறதுலேயே ஒசத்தியான ஒயின், மாமா. சுடுதண்ணியில ஊறவெச்சு லேபிளை உரிச்சிட்டேன். நம்ம லேபிளை ஒட்டியாச்சு. இது தப்பவே தப்பாது."

"அவன் பாட்டிலையா என் கவுன்ட்டர்ல வைக்கச் சொல்ற?"

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும். பட்டியல்ல பேர் வந்துட்டா போதும்."

மூக்கர் வெகுநேரம் அந்தப் பாட்டிலைப் பார்த்தார். அன்று அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை.

ஆறு மணிக்குக் கடை கொள்ளவில்லை, வாசல் வரைக்கும் கூட்டம். பத்திரிகைக்காரம்மா நோட்டுப் புத்தகத்தோடு முன்னால் நின்றார்.

"ஐம்பத்திரண்டு கடிதம் வந்திருக்கு உங்களைப் பத்தி," என்றார். "டாக்டரம்மாவோட அப்பாவுக்கு முடியாதப்ப பதினாறு நாள் ஆஸ்பத்திரியில நீங்கதான் கூட இருந்தீங்களாம். தையல்காரர் கடை பத்திக்கிட்டப்ப ஆறு மாசம் உங்க சரக்கறையிலதான் மெஷின் போட்டுத் தைச்சாராம். தெருவுல பாதி வீட்டுச் சாவி உங்ககிட்டதான் இருக்காமே?"

"அதெல்லாம் இருக்கட்டும். ஒயினைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?"

"அதைப் பத்தி மட்டும் யாரும் எழுதலை. நேர்ல வந்து பாருங்கன்னு விட்டுட்டாங்க."

எழுத்தில் அடங்காத விஷயம், பாவம், எப்படி எழுதுவார்கள் என்று மூக்கர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அந்த நினைப்பே அவரைக் குத்தியது. பாட்டிலைத் திறந்தார். முகர்ந்தார். ஒன்றுமில்லை.

"நல்ல குடும்பத்துப் பொண்ணு," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஊற்றிக் கொடுத்தார்.

குடித்தார்கள். ஒருவரும் தலையாட்டவில்லை.

டாக்டரம்மா டம்ளரைப் பார்த்தார், மூக்கரைப் பார்த்தார், இன்னொரு மடக்கு குடித்தார். முகம் வெளிறியது. பின்னால் நின்றவர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். மூக்கரின் மனைவி டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். தையல்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அண்ணே, உங்களுக்கு என்ன ஆச்சு? உடம்புக்கு முடியலையா?"

இன்றைக்கும் வினிகரா! மச்சினன் மறுபடி கவிழ்த்துவிட்டான் என்று மூக்கர் நினைத்தார். கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"என்னை மன்னிச்சிடுங்க," என்றார். "எனக்கு வாசனை போயிடுச்சு. காய்ச்சலோட போயிடுச்சு. நாலு நாளா நான் உங்களை ஏமாத்திட்டிருக்கேன். செவ்வாய்க்கிழமை சொன்னது அட்டையைப் பார்த்துப் படிச்சது. நீங்க புதன்கிழமை குடிச்சது வினிகர். இன்னைக்கு இது என் பாட்டிலே இல்லை, தெருமுனைக் கடையில வாங்கி என் லேபிளை ஒட்டினது. என் நாக்கு அழுகினாலும் தகும்."

மச்சினன் மெதுவாகத் திரைக்குப் பின்னால் போனான்.

மூக்கர் பத்திரிகைக்காரம்மாவின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, பட்டியல்லேர்ந்து என் கடை பேரை அடிச்சிடுங்க. இவங்க நம்பினது என் மூக்கை. அது இப்ப இல்லை."

"அடிக்க எனக்கு அதிகாரம் இல்லைங்க," என்றார் பத்திரிகைக்காரம்மா. "ஜனங்க போட்ட பேரு அது. ஞாயித்துக்கிழமை வரும்."

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேர் வாசல் பக்கம் பார்த்துத் திரும்பி நின்றார்கள். தையல்காரர் மட்டும் அசையாமல் நின்று எதையோ யோசித்தார். பிறகு டம்ளரைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, இதுவரை அந்தக் கடையில் யாரும் மூக்கரைக் கேட்காத குரலில் கேட்டார்:

"அண்ணே, பாவம், உங்களுக்குப் பிறவியிலேயே வாசனை தெரியாதுன்னு நெனச்சுத்தான் பத்தொன்பது வருஷமா நாங்க ஒண்ணும் சொல்லாம குடிச்சோம். அப்போ காய்ச்சல் வர்ற வரைக்கும், தெரிஞ்சேவா கொடுத்தீங்க?"