தொண்ணூறு சதவீதக்காரர்

வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் அலுவலகம் எதிலாவது நீங்கள் காலடி வைத்திருந்தால், தொண்ணூறு சதவீதக்காரரைச் சந்தித்திருப்பீர்கள். அவருக்குக் கொம்பெல்லாம் கிடையாது. கழுத்தில் அடையாள அட்டை, காதில் ஒரு கைப்பேசி, மேசையில் இன்னொன்று, முகத்தில் இப்போதுதான் நல்ல சேதி கேட்டவரின் பூரிப்பு. நீங்கள் நாற்காலியில் முழுசாக உட்காருவதற்குள் சொல்லிவிடுவார்: "உங்க வேலை தொண்ணூறு பர்சன்ட் முடிஞ்ச மாதிரிதான்."

உங்களுக்கு என்ன வேலை வேண்டும் என்று நீங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை.

மீதிப் பத்து எங்கே என்று கேட்டுவிடாதீர்கள். அது எப்போதும் வேறு யாரிடமாவது இருக்கும். மேலாளர் வெளியூர் போயிருப்பார். அவர் வந்தால் கையெழுத்துப் போடுகிற அம்மா விடுப்பில் இருப்பார். அந்த அம்மாவும் வந்துவிட்டால் கணினி படுத்திருக்கும். கணினி எழுந்துவிட்டால் அந்த நிறுவனமே வேறு கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். தன் பங்குத் தொண்ணூறை மட்டும் அவர் என்றைக்கோ முடித்துவிட்டார். கெட்டிக்காரர்.

நான் வேலை பார்ப்பது அப்படி ஒருவரிடம். கீழே டயர் கடை, மேலே நாங்கள். ரப்பர் வாசனையில் நனைந்தபடி பத்து நாற்காலிகளில் ஜனங்கள் காத்திருப்பார்கள். வேலை தேடி வருகிறவரிடம், "கம்பெனிக்கு உங்கள ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்பார். அதே மூச்சில் கம்பெனியைக் கூப்பிட்டு, "ஆளுக்கு உங்க எடம்னா உயிரு" என்பார். இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டதுகூடக் கிடையாது. பார்க்காத மாப்பிள்ளைக்கும் பார்க்காத பெண்ணுக்கும் பத்திரிகை அடித்துவிடுகிற கை அது.

பொய்யரா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய்யருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். இவரோ தான் சொல்வதை முதலில் நம்புகிறவர். ஒருநாள் அலுவலகச் சாவி வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மின்விசிறி இறக்கைகள் கழன்று தரையில் மல்லாந்திருந்தது.

"மாட்டியாச்சா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டார்.

"தொண்ணூறு பர்சன்ட் மாட்டியாச்சு."

"அப்ப அதுக்குக் கீழ படுத்து, வர்ற காத்தை நீங்களே வாங்கிக்குங்க."

எங்கள் தொழிலில் 'இல்லை' என்ற சொல்லுக்குத் தடை. 'இல்லை' என்ற பதிலைக் கேட்டவர் எழுந்து எதிர்த் தெருவில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்விடுவாராம். ஆகவே காலையில் வந்ததும் எங்கள் முதல் கடமை 'சூடு காட்டுவது.' வேலைக்குக் காத்திருக்கிற அத்தனை பேரையும் தொலைபேசியில் வரிசையாகக் கூப்பிட்டு, எதையும் சொல்லாமல், நல்லபடியாகப் பேசி வைக்க வேண்டும். பால் பொங்கவும் கூடாது, ஆறவும் கூடாது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "என்னம்மா வேலை?" என்று அப்பா கேட்டார்.

"வேலை வாங்கித் தர்ற வேலைப்பா."

"யாருக்கு?"

"மத்தவங்களுக்கு."

"வாங்கிக் குடுத்துட்டியா?"

இதற்குத்தானா படித்தோம் என்று நானும் என்னைக் கேட்டுக்கொள்வதுண்டு. பதில் வருவதற்குள் தொலைபேசி அடித்துவிடும்.

போன வாரம் அப்படித்தான் அடித்தது. கிடங்கு ஒன்றில் கணக்குப் பார்க்கும் அக்கா. ஒரு பெரிய நிறுவனத்தின் கிடங்கு வேலைக்காக எங்களிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த இடத்தில் அந்த நிறுவன மேலாளரின் மருமகன் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார். அது எங்களுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. இன்னொரு காலியிடம் வரும்வரை சூடு ஆறக் கூடாதல்லவா?

"தங்கச்சி, இங்க இன்னும் ஒரு வருசத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள போடலன்னா வேற ஆள் வெச்சுக்குவாங்களாம். போடவா, வேண்டாமா?"

முதலாளி என் எதிரிலேயே நின்று, 'வாயைத் திறக்காதே' என்று கண்ணாலேயே பேசினார். எனக்கோ அந்த அக்கா வேலையில்லாமல் தெருவில் நிற்பது கண்ணில் தெரிந்தது.

"போட்டுடுங்கக்கா," என்றேன்.

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தீர்களா? நானும்தான்.

"ஏன்? சார் தொண்ணூறுன்னாரே!"

"மீதிப் பத்துலதான் விழற கிணறே இருக்குக்கா."

"பத்துக்குப் பயந்து தொண்ணூறை விடச் சொல்றியா? படிச்ச பொண்ணுதானே நீ? நல்லது சொல்ல வாய் வராதா? சாரைக் கூப்பிடு!"

கூப்பிட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாங்கினார். தொலைபேசியில் ஏற்கெனவே போட்டிருந்த ஒலிபெருக்கியை நான் அணைக்கவில்லை.

"சார், கையெழுத்துப் போடவா, வேண்டாமா?"

"பாருங்கம்மா, பொறுத்தார் பூமி…"

"பூமியெல்லாம் வேண்டாம் சார். போடவா, வேண்டாமா?"

அவர் கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவரைப் பிறாண்டாத குறை. ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றை அவரிடம் யாரும் இதுவரை இப்படிக் கழுத்தைப் பிடித்துக் கேட்டதில்லை. கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போடுங்கம்மா. ஆனா… போட்டதா நெனைச்சுக்காதீங்க."

காத்திருந்த பத்து நாற்காலிகளும் நிமிர்ந்து கேட்டன.

"ஏறவா, எறங்கவான்னு கேட்டா படியில தொங்குன்னு சொல்றீங்களே சார்!" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டார்.

மாலையில் அக்காவிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு அழைப்பு வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாராம். "நீ சொன்னேன்னு இல்ல தங்கச்சி. அவரு இழுத்த இழுப்புல புரிஞ்சுபோச்சு," என்றார். முதலாளி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், என் வேலையை நிரந்தரமாக்குவது பற்றிக் கேட்டேன். அவர் ஒரு சதவீதம் சொன்னார். அதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கலாமா? உங்கள் ஒன்றுவிட்ட தங்கை போன மாதம் தன் விவரங்களை அனுப்பினாளே, "எங்க ஆபீஸ்ல பேசிடறேன், கவலைப்படாதே" என்று தோளில் தட்டினீர்களே, அது இன்னும் உங்கள் கைப்பேசியில் திறக்கப்படாமல் கிடக்கிறதா? உங்களைக் கேட்க நான் யார்! ஆனால் அண்ணன் பேசிவிட்டார் என்ற தெம்பில், கையில் இருக்கிற வேலையை விடுவதற்கு அவள் இந்நேரம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கலாம். இந்தப் பக்கத்தை அப்புறம் படிக்கலாம். முதலில் அவளைக் கூப்பிடுங்கள்.